மெசின் தானாய் மாறினதாம்

நீங்கள் அரசாங்க வேலை ஒண்டும் செய்யேல்லையே, தங்கச்சி? இல்லை, சும்மா கேட்டனான். கேக்காமல் கதைச்சால் பிறகு ஆக்கினை. பல்லு டொக்டரிட்டையோ வேலை? அப்ப சரி. பல்லுக்காரருக்கு இந்தக் கதையாலை ஒரு பிரியோசனமும் இல்லை. சொல்லலாம்.

ரொறன்ரோவிலை ஒரு பெட்டையின்ரை வீட்டுக்குத்தான் போறன். சொந்தம் இல்லை. சிநேகிதம் எண்டும் சொல்லேலாது. என்னோடை வேலை செய்தவள். துஷானி எண்டு பேர். தன்ரை பிள்ளையின்ரை முதலாம் பிறந்தநாளுக்கு வரட்டாம். வந்தே ஆகோணுமாம். ஏன் எண்டு கேளுங்கோ. எனக்கே தெரியாது. அதைத்தான் நானும் மொன்றியலிலை பஸ் ஏறினதிலையிருந்து யோசிச்சுக்கொண்டு வாறன்.

நான் வேலை செய்யிறது மொன்றியலிலை ஒரு பண்டகசாலையிலை. பேர் கேக்காதேங்கோ. அரசாங்கத்தின்ரை பரிசோதனைக் கூடங்களுக்குப் போற சாமான் எல்லாம் முதல் எங்களிட்டைத்தான் வரும். மருந்து, குப்பி, குளிரிலை வைக்கிற பெட்டியள். அரசாங்க இடம் எண்டபடியால் ஒரு சட்டம் இருக்கு, தெரியுமோ? வேலைக்காரர் பிரெஞ்சு எண்டால் பிரெஞ்சு, இங்கிலீஷ் எண்டால் இங்கிலீஷ். அவரவர் கேட்ட பாஷையிலை எல்லாம் குடுக்கோணும். கையிலை பிடிக்கிற மெசின், கொம்பியூட்டர், பயிற்சி, சம்பளம் பிழைச்சால் எடுக்கிற ரெலிபோன், எல்லாம். மனசு சரியில்லாட்டி ஆறுதல் சொல்லவும் ஒரு ஆள் வைச்சிருக்கினம். அந்த ஆறுதலும் ரெண்டு பாஷையிலை. தமிழிலை இல்லை. அது வேறை கதை.

நான் பிரெஞ்சு எண்டு எழுதிக் குடுத்தனான். வந்து இறங்கினதே மொன்றியல். தையல் பக்டரியிலை பொத்தான் தைச்சுத் தைச்சுப் பிரெஞ்சு படிச்சனான். இங்கிலீஷை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை படிச்சதுதான், வாற வழியிலை எங்கையோ விழுந்திட்டுது.

இதிலை நான் கொஞ்சம் கண்ணும் காதுமாய்த்தான் இருப்பன். காரணம் இருக்கு. என்னைப் பெத்த ஐயா தபால் கந்தோரிலை கிளாக்கர். நல்ல வேலைக்காரன். ஒரு நாள் வந்து சொன்னாங்கள், இனி எல்லாம் சிங்களத்திலை, படிச்சுச் சோதினை பாஸ் பண்ணு, இல்லாட்டி வீட்டை போ எண்டு. ஐயா வீட்டை வந்திட்டார். பிறகு ஒரு வருசம் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை, ஒரு பாஷையிலையும். அதைப் பாத்து வளர்ந்தவள் நான். கந்தோரிலை பாஷையை மாத்தினால் அடுத்தது ஆளை மாத்தப் போறாங்கள் எண்டு எனக்குத் தெரியும். என்ரை மனுசன் பகிடி பண்ணுவார், "கடவுள் வந்து கதவைத் தட்டினாலும் நீ அடையாள அட்டை கேப்பாய்" எண்டு. கேப்பன்தான். ஏன் கேக்கக்கூடாது?

சரி. இந்தத் துஷானி ரொறன்ரோவிலை பிறந்து வளர்ந்தவள். மொன்றியல் பொடியனைக் கட்டிக்கொண்டு வந்தவள். தமிழ் கதைப்பாள். இங்கிலீஷ் தண்ணி மாதிரி. பிரெஞ்சிலை "போன்ஜூர்" மட்டும், அதுவும் அரைகுறை. கொன்ராக்டிலைதான் எடுத்தவை. முதல் நாளே நேரை என்னட்டை வந்து, "அன்ரி, நீங்கள் தமிழோ?" எண்டு சிரிச்சாள். என்ரை நெத்தியிலை இருக்கிற பொட்டைப் பாத்துமோ கேக்கிறாய் எண்டு நினைச்சனான்.

அவள் வந்து கொஞ்ச நாளையாலை தொடங்கிச்சுது மெசின் விளையாட்டு. எங்கடை மெசின் துவக்கு மாதிரி இருக்கும். பெட்டியிலை இருக்கிற கோடுகளுக்கு நேரை பிடிச்சு விசையை அமத்தினால் என்ன சாமான், எங்கை வைக்கிறது எண்டு திரையிலை காட்டும். சண்டைக்குப் பயந்து நாட்டை விட்டு வந்து கையிலை துவக்கோடை திரியிறன் எண்டு நானே சிரிக்கிறனான். என்ரை மெசினிலை என்ரை பேர் ஒட்டியிருக்கு. எப்பவும் பிரெஞ்சிலை இருக்கும். ஒரு நாள் விடிய எடுத்தால், இங்கிலீஷ்!

சரி, ஆரோ தெரியாமல் அமத்தினதாக்கும் எண்டு மாத்தினன். அடுத்த நாளும் இங்கிலீஷ். அதுக்கடுத்த நாளும். இப்ப யோசியுங்கோ. நான் விடியவே வந்து பின்னேரம் போயிடுவன். அவள் பிந்தி வாறவள், பிந்திப் போறவள். போகேக்கை எல்லாருடைய மெசினையும் சாஜிலை போடுறது ஆரின்ரை வேலை? அவளின்ரை. அவள் வந்த பிறகுதான் இது தொடங்கினது. இதுக்கு மேலை என்ன சாட்சி வேணும்?

மற்ற ஆக்கள் ஒருத்தரும் கத்தேல்லை. அவையின்ரை மெசினும் மாறுதோ எண்டு நான் கேக்கேல்லை. ஏன் கேக்கிறது? நான் உசாராயிட்டன் எண்டு அவளுக்குப் போய்ச் சேரும்.

நேரம் பாருங்கோ, அந்த மாசம்தான் சுப்பவைசர் முசியே பெல்மார் சொல்லியிருக்கிறார், எங்கடை பகுதிக்கு ஒரு பொறுப்பாள் வேணும் எண்டு. எனக்கு உடனை விளங்கீட்டுது. பெட்டை என்னை மெசின் தெரியாத கிழவி ஆக்கப் பாக்கிறாள்.

பிறகு அவள் செய்ததெல்லாத்தையும் வடிவாய்க் கவனிக்கத் தொடங்கினன். சாப்பாட்டு நேரம் அவ்வளவு மேசை இருக்க என்ரை மேசைக்குத்தான் வருவாள். மற்றவை பிரெஞ்சிலை கதைச்சுச் சிரிக்க, இவள் கோப்பையைப் பாத்துக்கொண்டு இருப்பாள். பிறகு மெல்லமாய், "என்ன அன்ரி சொல்லிச் சிரிக்கினம்?" உளவு பாக்கிறாள், தங்கச்சி. ஒரு நாள் றோல்ஸ் சுட்டுக்கொண்டு வந்து தந்தாள். நான் வாங்கி, வாசல் காவலாளிக்குக் குடுத்தனான். நல்ல ஹெய்ட்டிக்கார மனுசன். பின்னேரம் போகேக்கை அவர் எப்பிடி இருக்கிறார் எண்டு எட்டிப் பாத்தனான். நல்லாய்த்தான் இருந்தார். இன்னும் இருக்கோ எண்டு கேட்டார்.

இன்னொரு நாள் என்ன கேட்டவள் தெரியுமோ? "அன்ரி, நீங்கள் எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தாங்கோ. நான் உங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தாறன். ரெண்டு பேரும் அந்தப் பொறுப்பாள் வேலைக்கு மனுப் போடலாம்." ரெண்டு பேருமாம்! இருக்கிறது ஒரு கதிரை. கந்தோரிலையும் சும்மா இங்கிலீஷ் வகுப்பு வைக்கினம், வேலை நேரத்திலையே போகலாம். நான் போகேல்லை. ஆருக்கு இங்கிலீஷ் தெரியாது எண்டு பிடிக்கத்தானே வகுப்பு வைக்கிறது. அவள் பிரெஞ்சு வகுப்புக்குப் பேர் குடுத்தவள். இடம் இல்லை, மாரி காலத்துக்குப் பிறகு பாப்பம் எண்டு சொல்லிப் போட்டினம்.

ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. எங்களிட்டை ரெண்டு குளிர் அறை இருக்கு. பெட்டியளுக்கை ஐஸ் போட்டு வரும். தண்ணி ஐஸ் இல்லை, புகைஞ்சு புகைஞ்சு காத்தாய்ப் போற ஐஸ். அறையின்ரை காத்தாடி நிண்டால் அந்தப் புகை நிரம்பி, மூச்சு விட ஒண்டும் இருக்காது. ஆள் சுருண்டு விழும். அதுக்கு ஒரு சட்டம் இருக்கு: உள்ளை ஆராவது விழுந்தால் நீ உள்ளை போகக்கூடாது. மணியை அடிச்சுப் போட்டு, முகமூடி போட்ட ஆக்கள் வருமட்டும் வெளியிலை நிக்கோணும். போனால் நீயும் விழுவாய். இதைப் பிரெஞ்சிலை சொன்னவை. இங்கிலீஷ் பயிற்சி அடுத்த மாசமாம்.

பெல்மார் என்னைக் கூப்பிட்டு, "மதாம் யோகா, நீங்கள் ரெண்டு பேரும் ஒரே பாஷைதானே. அதுவரைக்கும் நீங்களே அந்தப் பிள்ளைக்குச் சொல்லி விடுங்கோ" எண்டார். என்ரை பேர் யோகமலர். அவைக்கு யோகாதான் வாயிலை வரும். நான் ஓம் எண்டனான்.

அவளும் வந்து கேட்டவள். "என்ன அன்ரி சொன்னவை? நிறைய நேரம் சொன்னவை."

"ஒண்டுமில்லை. வழமையான புராணம்தான்" எண்டு சொன்னனான்.

அப்பிடிப் பாக்காதேங்கோ. நான் சொல்லத்தான் இருந்தனான். அண்டைக்குக் காலமைதான் மெசினை இங்கிலீசிலை கண்ட கோவம். அடுத்த நாள் சொல்லுவம் எண்டு விட்டன். பிறகு நேரம் வரேல்லை. பெல்மார் கேக்க, சொல்லிப் போட்டன் எண்டனான். அவருக்கும் ஆயிரம் வேலை. மனுசனை ஏன் கரைச்சல்படுத்துவான்?

இனி அந்த நாளைச் சொல்லுறன். நான் யூனியனிலை முறைப்பாடு குடுத்திட்டன். யூனியன் ஆள் பத்து மணிக்கு வந்து பாக்கிறன் எண்டவர். அண்டைக்கு விடிய மெசினை எடுத்தன். இங்கிலீஷ். ஒவ்வொரு நாளும் உடனை மாத்திறனான். அண்டைக்கு மாத்தேல்லை. ஏன் மாத்துவான்? மாத்தினால் சாட்சி எங்கை? அப்பிடியே வைச்சிருந்தன். பெட்டியளை நிறத்தைப் பாத்து, நம்பரைப் பாத்துச் சமாளிச்சுக்கொண்டு வேலை செய்தன்.

பத்து மணி ஆகப்போகுது. மெசின் கீக் கீக் எண்டு கத்தி, திரை முழுக்கச் சிவப்பு. ஏதோ இங்கிலீசிலை எழுதியிருக்கு. இதையும் யூனியன்காரனுக்குக் காட்டோணும் எண்டு பாத்தால், ஓகே அமத்தாமல் மெசின் அசையுதில்லை. அமத்தினன். போய் ரெண்டாம் குளிர் அறையைத் திறந்து உள்ளுக்குப் போனன்.

காத்தாடி நிண்டிட்டுதாம். உள்ளை போகாதேங்கோ எண்டுதான் எல்லாற்றை மெசினுக்கும் வந்திருக்கு. எனக்கு எப்பிடித் தெரியும்? ரெண்டு பெட்டி தூக்கினன். மூண்டாவது தூக்கேக்கை தலைக்குள்ளை ஆரோ விளக்கை அணைச்ச மாதிரி இருந்தது. நிலம் மேலை வந்தது. அவ்வளவுதான்.

மிச்சம் காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவுக் கண்ணாடிக்குள்ளாலை நான் விழுந்து கிடக்கிறதைக் கண்டு ஆக்கள் ஓடி வந்திட்டினமாம். மணியை அடிச்சுப் போட்டு வெளியிலை நிண்டினமாம். சட்டம் அதுதானே, அவை படிச்சவை. ஒரு மனுசி அழுதுகொண்டு நிண்டதாம். அப்பதான் இவள் வேலைக்கு வந்திருக்கிறாள். கோட்டும் கழட்டேல்லை. எல்லாரும் பிரெஞ்சிலை கத்தினவையாம், போகாதே, போகாதே எண்டு. இவள் ஒண்டும் கேக்கேல்லை. கதவைத் திறந்து உள்ளை ஓடினவளாம்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்டே ஒண்டு. காதடியிலை ஒரு சத்தம், "அன்ரி, எழும்புங்கோ. அன்ரி, எழும்புங்கோ." பிறகு என்ரை ரெண்டு கையையும் பிடிச்சு ஆரோ இழுக்கிற மாதிரி. நான் பாரம் கூடின ஆள், பாக்கிறியள்தானே. வாசல் படியிலை அவளும் தடக்கி விழுந்து கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சுது. முறிஞ்ச கையோடைதான் மிச்சத்தையும் இழுத்தவளாம்.

அவள் எப்பிடி அந்த நேரம் பாத்து அங்கை வந்தவள்? சொல்லுங்கோ பாப்பம். அவளுக்கு வேலை பத்து மணிக்குத்தான், அது சரி. ஆனாலும்.

ஆஸ்பத்திரியிலை ரெண்டு பேருக்கும் நடுவிலை ஒரு திரைச்சீலைதான். தாதி அவளிட்டைக் கேக்கிறாள், எத்தினை மாசம் எண்டு. நாலு மாசமாம்! பிள்ளைத்தாச்சி, தங்கச்சி. வயித்திலை பிள்ளையோடை அந்தப் புகைக்குள்ளை வந்திருக்கிறாள். பிள்ளையின்ரை நெஞ்சுத் துடிப்பைத் தேடித் தேடி அந்தக் கருவியை வைச்சுப் பாத்துக்கொண்டு நிக்கினம். ஒரு சத்தமும் இல்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டு கிடக்கிறன். பிறகு கேட்டுது. டக் டக் டக் எண்டு. அவள் அழுதாள். எனக்கும் மூக்கு வடிஞ்சுது, அந்தப் புகை ஒத்துக்கொள்ளேல்லை.

ஆனால் பாருங்கோ, இவ்வளவு நாளும் ஒரே மேசையிலை இருந்து சாப்பிட்டவள், தான் பிள்ளைத்தாச்சி எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அதையும் ஒளிச்சவள்.

பிறகு விசாரணை வைச்சினம். ஒட்டாவாவிலையிருந்து மூண்டு பேர். நீட்டு மேசை. நான் பிரெஞ்சிலை கேட்டனான், அவள் இங்கிலீசிலை கேட்டவள். அதாலை காதுக்கை வைக்கிற கருவி ஒண்டு தந்தினம். அவள் பக்கத்திலை இருந்து இங்கிலீசிலை சொல்லுவாள், என்ரை காதுக்கை ஒரு ஆம்பிளைக் குரல் அதைப் பிரெஞ்சிலை சொல்லும். விசாரணைக்கு எல்லாம் ஒழுங்காய் ரெண்டு பாஷையிலை இருந்தது. மெசினுக்குத்தான் இல்லை.

முதல் ஒரு ரெக்னீசியன் வந்து சொன்னான். வசந்த காலத்திலை மெசின் எல்லாத்துக்கும் புதுசாய் ஏதோ ஏத்தினவையாம். அதுக்குப் பிறகு சாஜிலை போட்டு எடுத்தால் மெசின் தானாய் இங்கிலீசுக்கு மாறீடுமாம். எல்லாற்றை மெசினும் மாறினதாம். மற்றவை பேசாமல் மாத்திப் போட்டு வேலை செய்தவையாம். தானாய் மாறினதாம்! பெல்மாரும் எழும்பி, துஷானி கன தரம் தன்னட்டை வந்து சொன்னவள், யோகா அன்ரிக்கு மெசின் பிரெஞ்சிலை வேணும், அவா கஷ்டப்படுறா, திருத்துங்கோ எண்டு கேட்டவள், தான்தான் மேலை அறிவிச்சுப் போட்டு விட்டிட்டன் எண்டார். எனக்காண்டி அவள் போய்க் கேட்டவளாம். நான் சொன்னனானோ கேக்கச் சொல்லி?

பிறகு நடுவிலை இருந்த மனுசி அவளிட்டைக் கேட்டா. "உள்ளை போகக்கூடாது எண்டது உமக்குத் தெரியுமோ? யோகமலர் உமக்கு அதைச் சொன்னவாவோ?"

தங்கச்சி, சொல்லேல்லை எண்டு அவள் சொன்னால் நான் துலைஞ்சன். சொல்லிப் போட்டன் எண்டு பெல்மாருக்குப் பொய் சொன்ன ஆள் நான். அந்த இடத்திலையே என்னை வீட்டை அனுப்பியிருப்பினம், ஐயாவை அனுப்பின மாதிரி. ஆம்பிளைக் குரல் காதுக்கை என்ன சொல்லப் போகுது எண்டு இருக்கிறன். பிறகு அந்தக் குரலையும் நம்பேலாது எண்டு கருவியைக் கழட்டிப் போட்டு, அவளின்ரை வாயையே பாத்தன்.

"அன்ரி ரோல்ட் மீ. ஐ ஃபகொட்."

அன்ரி சொன்னவா. நான்தான் மறந்திட்டன். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கும் விளங்கும்.

அவள் என்னைத் திரும்பியே பாக்கேல்லை. மாக்கட்டுப் போட்ட கையை மடியிலை வைச்சுக்கொண்டு நேரை பாத்தாள். அவை எழுதிக் கொண்டினம். தெரிஞ்சுகொண்டு சட்டத்தை மீறினவள் எண்டு தீர்த்து, கொன்ராக்டைப் புதுப்பிக்கேல்லை.

வெளியிலை வந்து விறாந்தையிலை வைச்சுக் கேட்டனான். "ஏன் பிள்ளை பொய் சொன்னனீர்?"

"உங்களுக்கு இதுதானே அன்ரி வேலை. எனக்கு எப்பிடியும் கொன்ராக்ட் முடியுது. நாங்கள் ரொறன்ரோவுக்குத் திரும்பிப் போகத்தான் யோசிக்கிறம்." பாத்தியளே, முதலே கணக்குப் போட்டு வைச்சிருந்திருக்கிறாள்!

"நான் சொல்லியிருந்தால் நீர் உள்ளை வந்திருக்க மாட்டீர். கையும் முறிஞ்சிராது" எண்டன்.

அதுக்கு அவள், "சொல்லியிருந்தாலும் வந்திருப்பன்" எண்டாள். சிரிச்சுக்கொண்டு சொன்னாள். அப்பிடி ஆராவது சொல்லுவினமே, தங்கச்சி?

அந்தப் பொறுப்பாள் வேலை எனக்குத்தான் கிடைச்சுது. இங்கிலீஷ் வகுப்புக்குப் போகோணும் எண்ட கட்டளையோடை. போறன். அவை என்னைப் பற்றி என்ன கதைக்கினம் எண்டு அறியவெண்டாலும் வேணும்தானே. மெசின் எல்லாம் திருத்திப் போட்டினம். விடிய எடுத்தால் பிரெஞ்சு. ஒவ்வொரு நாளும் பிரெஞ்சு. இப்ப மத்தியானத்திலை என்ரை மேசையிலை நான் தனியத்தான். என்ன சொல்லிச் சிரிக்கினம் எண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நிம்மதி. சில நாளிலை சாப்பாடு இறங்குதில்லை. வயசு போகுதெல்லோ.

அவள் ரெலிபோன் எடுத்துக்கொண்டே இருந்தவள். பிள்ளை பிறந்த நேரம் எடுத்தவள். பல்லு வந்த நேரம் எடுத்தவள். என்ன நோக்கமோ எண்டு நான் கனக்கக் கதைக்கிறேல்லை. பிறந்தநாளுக்கு வாங்கோ எண்டு கேக்க, ஏலாது எண்டனான். திரும்பவும் கேட்டவள். என்ரை மனுசன்தான், "போய் நேரிலை விசாரிச்சுப் போட்டு வாவன்" எண்டு ரிக்கற் போட்டுத் தந்தவர். விசாரிக்கத்தான் போறன். அந்தப் பொய்யை ஏன் சொன்னவள் எண்டு இண்டைக்கு அறியாமல் விடமாட்டன்.

வந்திட்டுதே? இதுதானோ கடைசி நிறுத்தம்? நல்லாய்ப் பொழுதுபட்டிட்டுது.

உங்கை பாருங்கோ, தங்கச்சி. அந்தத் தூணடியிலை, இடுப்பிலை பிள்ளையோடை நிக்கிறாளே, அதுதான் அவள். இவளுக்கு ஆர் சொன்னது நான் இந்த பஸ்ஸிலை வாறன் எண்டு? சனிக்கிழமை வருவன் எண்டு மட்டும்தான் சொன்னனான். வேணுமெண்டுதான் நேரம் சொல்லேல்லை. எங்கடை வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தும் கேட்டிருக்க மாட்டாள், மனுசனுக்கும் நான் வாயைத் திறக்காதேங்கோ எண்டு சொல்லித்தான் வந்தனான்.

பக்கத்திலை ஆக்கள் இருக்கிற வாங்கிலை போர்வை விரிச்சிருக்கு. பால் போத்தல் ரெண்டு காலியாய்க் கிடக்கு. சாப்பிட்ட பெட்டி. பிள்ளையின்ரை விளையாட்டுச் சாமான். காலமையிலையிருந்து குடியிருந்த மாதிரியெல்லோ கிடக்கு. வந்த பஸ் எல்லாத்துக்கும் எழும்பி எழும்பிப் பாத்திருப்பாளோ? ஆர் அப்பிடிச் செய்வினம், தங்கச்சி? ஒரு காரணமும் இல்லாமல் ஆர் அப்பிடிச் செய்வினம்?

கொஞ்சம் விலத்துங்கோ. முன்னுக்கு நிக்கிற ஆக்களையும் விலத்தச் சொல்லுங்கோ, உங்களுக்கு இங்கிலீஷ் வரும்தானே. நான் முதல் இறங்கோணும். பிள்ளை குளிருக்கை நிக்குது.